கஞ்சியில் கலந்தது

இது எந்த வருஷத்தில் நடந்தது என்று திட்டமாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஈஜிபுரா மேம்பாலம் பாதியில் நின்றுபோய், தூண்கள் மட்டும் தலையில் கம்பிகளை விரித்துக்கொண்டு நின்ற காலம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதில் எத்தனையோ வருஷங்கள் அடங்கிவிடும். மழை பெய்துகொண்டிருந்தது நினைவிருக்கிறது. அது புரட்டாசி மழையா, கோடையில் பெய்யும் மாங்காய் மழையா என்பதில் சந்தேகம். நடந்ததைப் பாதி பாஞ்சாலியின் வாயிலிருந்தும் பாதி அவள் நாத்தனார் வீணாவின் வாயிலிருந்தும் கேட்டேன். இருவரும் ஒன்றுபோலச் சொன்ன இடங்கள் மிகக் குறைவு. பொருந்தாத இடங்களில் பாஞ்சாலியின் பக்கமே நின்றிருக்கிறேன். அது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் முதலில் பார்த்தது கண்ணைத்தான். ஞாயிற்றுக்கிழமை. அவள் புருஷன் நாகேஷ் வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். பால் பாக்கெட்டோடு சந்துக்குள் வந்த பாஞ்சாலி ஏதோ கேட்க, அவன் அண்ணாந்து பார்த்தான். வெள்ளை விழியின் ஓரமெல்லாம் பழைய செய்தித்தாளின் நிறம்.

"இன்னாய்யா, கண்ணு இப்டி கீது?"

"தூக்கம் இல்ல."

"தூக்கம் இல்லன்னா செவக்கும். மஞ்சளாவா ஆவும்?"

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். நாகேஷ் எப்போதும் அப்படித்தான். கேட்டதற்குப் பாதி பதில்தான் வரும். மீதியை அவளே நிரப்பிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமும் நல்லதாகவே நிரப்பிக்கொண்டு வந்தவள், அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போது வேறு மாதிரி நிரப்பத் தொடங்கினாள்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் கொஞ்ச நாளாகவே இருந்தது. சீப்பின் முதுகால் உடம்பெல்லாம் சொறிந்துகொள்கிறான். கால்களில் கோடு கோடாக ரத்தம் கட்டியிருக்கிறது. கக்கூஸுக்குப் போனால் ஒரு பக்கெட் தண்ணீருக்குப் பதில் இரண்டு பக்கெட் ஊற்றுகிறான். எதை மறைக்க? கறிக்குழம்பு வைத்தால் ஒரு கவளத்தோடு எழுந்துவிடுகிறான். வயிற்றின் இடது பக்கம் மட்டும் மேடாக இருக்கிறது. கேட்டால் "கேஸு" என்கிறான்.

பாஞ்சாலிக்கு இந்த வரிசை புதிதல்ல. அத்திபெலேயில் லாரி கிளீனராக இருந்த அவள் அப்பனுக்கும் இப்படித்தான் வந்தது. முதலில் கண், அப்புறம் வயிறு, கடைசியில் பேசின் நிறைய ரத்தம். குடி. பெண் பார்க்க வந்தபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. குடிப்பாரா என்று கேட்டாள். நாகேஷின் வீடு பௌத்தத்துக்கு மாறிய வீடு. "பஞ்சசீலம் எடுத்தவன்மா என் புள்ள. வாயத் தொறந்து மோந்து பாத்துக்கோ," என்றாளாம் அவன் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பாஞ்சாலி சிரிக்கவில்லை, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள்.

தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்.

"டிரிங்க்ஸ் உண்டா?"

"இல்ல," என்றான் நாகேஷ்.

டாக்டர் அவனைப் பார்க்காமல் பாஞ்சாலியைப் பார்த்தார். "எங்க கெலசம்?"

"குஜிரில. பாட்டில் பிரிக்கிற வேலை."

"எந்த பாட்டில்?"

அவன் சொன்னான். டாக்டர் பேனாவை மூடினார். "மொதல்ல அதை நிறுத்தச் சொல்லும்மா. லிவர் போய்க்கிட்டு இருக்கு. மாத்திரை எழுதறேன், ஆனா அத நிறுத்தாம எந்த மாத்திரையும் வேலை செய்யாது."

நாகேஷ் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பாஞ்சாலிக்கு அதுதான் உறுத்தியது. குடிக்காத மனிதன் என்றால் அந்த இடத்தில் கத்தியிருக்க வேண்டாமா? ஒரு சத்தம்? வீடு வரைக்கும் அவன் முன்னால் நடந்தான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

குஜிரி என்பது பழைய சாமான் மண்டி. ஈஜிபுரா சிக்னலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. காலையில் பார்களிலிருந்து சாக்கு சாக்காகப் பாட்டில் வந்து இறங்கும். பீர் பாட்டில் தனியாக, குவாட்டர் தனியாக, சதுர பாட்டில் தனியாக. விளிம்பு உடைந்தது நொறுக்குக் குவியலுக்கு. மூடியைத் திருகி எடுத்து, அடியில் தங்கியிருக்கும் சொட்டைக் கவிழ்த்து, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளை நகத்தால் உரிக்க வேண்டும். நாகேஷின் கை பார்க்காமலே பிரிக்கும். எடையை வைத்தே எதில் மிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். கவிழ்க்கிற சொட்டெல்லாம் ஒரு நீல டிரம்மில் போய்ச் சேரும். மழைநாளில் கூரைக்கடியில் அந்த வாடை கனத்து, கண்ணைக் கரிக்கும். சட்டை, முடி, சோற்று டப்பா எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும்.

பாஞ்சாலிக்குப் பொம்மனஹள்ளியில் பிஜி என்கிற ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. காலை நாஷ்டாவை முடித்து, அன்றைக்குச் செய்த சித்ரான்னம் கொஞ்சம் டப்பாவில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் குஜிரிக்குப் போய் நின்றாள். நாகேஷ் எடைக்குப் போயிருந்தான். கூட வேலை செய்யும் டிரேவர்தான் தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்த மனிதர். ஒரு காலத்தில் கிளப்பில் பேண்டு வாசித்தவர். நீல டிரம்மில் சேர்வதைத் துணியில் வடிகட்டி மத்தியானமே குடித்துவிடுவார் என்பது ஏரியாவுக்கே தெரியும்.

"ஆ, வாங்க சிஸ்டர்! இன்ஸ்பெக்ஷனா?"

"சோறு குடுக்க வந்தேன்."

"இத்தினி வருஷத்துல சோறு வந்து நான் பாத்ததில்லயே. இன்னிக்கு மழைகூட பெய்யுது பாருங்க."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "டிரேவரு, மறைக்காம சொல்லு. அவரு இதுல வாய் வைக்கிறாரா?"

"யாரு, நாகேஷா?" டிரேவர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். "அவன் சாமியாரு சிஸ்டர். ஒரு மூடி நீட்டுனாகூட எழுந்து அந்தாண்ட போயிடுவான். பெரிய இன்சல்ட் எனக்கு. இவ்ளோ நல்ல காக்டெயில், ஊரு பூரா பாருங்க சேந்து போட்டது."

சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். அது டிரேவரின் பழக்கம். சாவு வீட்டில்கூட அப்படித்தான் சிமிட்டுவார். ஆனால் பாஞ்சாலி அந்தச் சிமிட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மகள் சங்கமித்ரா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா துவைக்கப் போட்ட சட்டையை முகத்தில் வைத்து மோந்து பார்ப்பதைக் கதவோரம் நின்று பார்த்தாள்.

"அப்படி பண்ணாதம்மா. அசிங்கமா இருக்கு."

"எது அசிங்கம்? குடிக்கிறதா, மோந்து பாக்கறதா?"

"அப்பா சட்டை எப்பவுமே அப்படித்தானே வரும்?"

"இத்தினி நாளு அப்டி நெனச்சிக்கினுதான் ஏமாந்தேன்."

நாத்தனாரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. வீணா பக்கத்துத் தெருவில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவள். கரி நெருப்பு அணையாமல் மேலே தார்ப்பாய் கட்டியிருந்தாள்.

"அண்ணி, அவருக்குச் சின்ன வயசுலேர்ந்து ஒடம்புக்கு ஏதாவது இருந்துச்சா?"

வீணாவின் கை நின்றது. பெட்டி துணிமேல் அப்படியே இருந்தது. கருகுகிற வாடை வந்ததும்தான் எடுத்தாள். "இன்னா இருக்கும்? ஒண்ணும் இல்ல. சூட்டு ஒடம்பு. எளநீ வாங்கிக் குடு."

"கண்ணு மஞ்சளா கீது அண்ணி. டாக்டரு குடின்னு சொல்றாரு."

"எந்தக் கபோதி டாக்டரு சொன்னது? எங்க வீட்ல எவன்டி குடிச்சான்?"

"அப்ப வேற இன்னா?"

வீணா தண்ணீரைக் கையில் எடுத்துத் துணிமேல் படீரென்று தெளித்தாள். "எனக்கு நெறைய துணி கீது பாஞ்சாலி. சொல்ப அப்பறமா வா."

இவர்கள் எல்லோரும் சேர்ந்து எதையோ மூடுகிறார்கள் என்று பாஞ்சாலிக்கு உறுதியாகிவிட்டது. அதில் அவள் தவறவில்லை. எதை என்பதில்தான் தவறினாள்.

அந்தப் பௌர்ணமிக்கு விஹாரத்துக்குப் போனார்கள். சின்ன இடம், ஒரு மாடியறை, வெள்ளைச் சுண்ணாம்பு, நடுவில் புத்தர். மாதாமாதம் பஞ்சசீலத்தை ஒவ்வொன்றாக முன்னால் நின்று சொல்வது நாகேஷின் பொறுப்பு. மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கொல்லாமை, திருடாமை, பிறன்மனை நாடாமை, பொய் சொல்லாமை, கடைசியாகக் குடியாமை. பேச்சில்லாத மனிதனுக்கு அந்த ஐந்து வாக்கியங்களில் மட்டும் குரல் கணீரென்று வரும். பாஞ்சாலி அதைக் கேட்கவே போவாள்.

அன்று அவன் எழுந்ததும் சங்கத் தலைவர் கிருஷ்ணப்பா அவன் தோளில் கை வைத்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார்.

"ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கியேப்பா. இந்த மாசம் நரேஷ் சொல்லட்டும்."

"பர்வால்ல. நான் சொல்றேன்."

"இல்லப்பா. ஒடம்பு தேறட்டும். எல்லாம் சரி பண்ணிக்கினு வா." 'எல்லாம்' என்ற வார்த்தையை அவர் மெதுவாகச் சொன்னார்.

மாடியறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாகேஷ் போய்ப் பாஞ்சாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நரேஷ் சின்னப் பையன். தடுமாறித் தடுமாறிச் சொன்னான். ஐந்தாவது வந்தபோது எல்லாக் குரலோடும் நாகேஷின் குரலும் எழுந்தது. பாஞ்சாலியின் உதடு அசையவில்லை. இவ்வளவு பேர் முன்னால், புத்தர் முன்னால், எப்படி இவனால் சொல்ல முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸின் முன்சீட்டு முதுகில் ஒட்டியிருந்த காகிதம் அதற்கு முன்பே அவள் கண்ணில் பட்டிருந்தது. 'குடியை மறக்க வைக்கும் மூலிகைப் பொடி. அவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்.' பௌர்ணமிக்கு மறுநாள் பிஜி வேலையை முடித்து ஓசூர் ரோட்டிலேயே பஸ் ஏறி அத்திபெலே போனாள். அப்பன் செத்த ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், டயர் கடைக்கு மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட அறை. பெண்களாகவே உட்கார்ந்திருந்தார்கள்; ஒவ்வொருத்தியும் முந்தானையை இழுத்துவிட்டு அடுத்தவள் முகத்தைப் பார்க்காமல்.

பக்கத்தில் இருந்த ஒருத்தி மட்டும் பேசினாள். கை நிறைய கண்ணாடி வளையல், நெற்றியில் தையல் தழும்பு.

"ஒங்காளு அடிப்பானா?"

"இல்ல."

"சம்பளத்த ஒழிப்பானா?"

"இல்ல. கொண்டாந்து குடுத்துடுவாரு."

"வூட்டுக்கு வந்து கத்துவானா?"

"பேசவே மாட்டாரு."

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாஞ்சாலியை ஏற இறங்கப் பார்த்தாள். "அடிக்கல, கத்தல, காசு குடுக்கறான். எம்மா, நீ இன்னாத்துக்கு இங்க வந்து ஒக்காந்துகினு கீற? அந்தாள என்கிட்ட குடுத்துட்டு என் ஆள நீ இட்டுகினு போ."

யாரோ முந்தானைக்குள் சிரித்தார்கள். பாஞ்சாலிக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

பொடி கொடுக்கிறவர் நடு வயதுக்காரர், சந்தனம், சுத்தமான சட்டை. "காலையில கஞ்சியில ஒரு சிட்டிகை. ருசி தெரியாது. குடிச்சா அன்னிக்கே வாந்தி எடுப்பாரு, நடுங்குவாரு. பயப்படாதீங்க, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு ஓடாதீங்க."

"ஒருவேள குடிக்கலன்னா?"

"குடிக்கலன்னா ஒண்ணும் பண்ணாது. பச்சத் தண்ணி மாதிரி."

இந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவள் வாங்கினாள். மருந்தாக நினைத்து வாங்கவில்லை. பரீட்சையாக நினைத்து வாங்கினாள்.

மறுநாள் காலை கேவுருக் கஞ்சியில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். சங்கமித்ராவின் டம்ளரைத் தூரத் தள்ளி வைத்தாள். அவன் குடித்தான். வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்தான். ஒன்றுமில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஒன்றுமில்லை. கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் வாந்தி இல்லை. பாஞ்சாலிக்கு மார்பில் ஒரு கட்டு தளர்ந்த மாதிரி இருந்தது. ஒருநாள் சொறிந்து சொறிந்து சிவந்த அவன் முதுகில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். "இன்னா திடீர்னு?" என்று அவன் கேட்டான். "சும்னெதான்," என்றாள். இன்னும் ரெண்டு நாள் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அந்த ரெண்டாவது நாள் மத்தியானம், மழை அடித்துப் பெய்யும்போது, நாகேஷ் வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டான். வாசற்படியிலேயே உட்கார்ந்து சாக்கடையில் வாந்தி எடுத்தான். உடம்பு லேசாக நடுங்கியது. சட்டை நனைந்து, வாடை சந்து முழுக்க வீசியது.

பாஞ்சாலி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடிச்சிருக்க."

"இல்ல."

"குடிச்சிருக்கய்யா நீ. எனக்குத் தெரியும். இன்னிக்கு எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும் ஒனக்கு?" அவன் தலையைத் தூக்கினான். அந்த மஞ்சள் கண்ணில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "வயித்துல கத்திய வச்சிக் குத்தற மாதிரி கீது பாஞ்சாலி. கொஞ்சம் கைய குடு."

அவள் கை கொடுக்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாள். நடுங்குவாரு என்றுதானே அந்த மனிதர் சொன்னார். அவனாகத் தவழ்ந்து உள்ளே போய்ப் பாயில் சுருண்டான். அவள் குடையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, பொம்மனஹள்ளிக்கு ராத்திரிச் சமையலுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள் என்று அவள் சொன்னாள். அழுதது ஏமாந்ததற்காகத்தான், அவனுக்காக இல்லை என்றும் அவளே சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பியபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே வீணா. நாகேஷின் மேல், வீட்டிலிருந்த அத்தனை போர்வையும், இஸ்திரிக்கு வந்த யாருடைய கம்பளியோ ஒன்றும். அதற்குள்ளும் பல் கிட்டிக்கொண்டு அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சங்கமித்ரா காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன?" என்று கத்தினாள் வீணா. "ஒடம்பு அனலா கொதிக்குது, யாரோ எவரோன்னு புலம்பறான், நீ ஊருக்கு வடிச்சிக் கொட்டப் போயிட்டியா? அந்தப் புள்ள மழையில ஓடி வந்து கூப்ட்டுச்சி என்ன!"

"குடிச்சிட்டு வந்தாரு அண்ணி."

"குடிச்சான், குடிச்சான்! ஒன் வாயில வேற வார்த்தையே வராதா?"

டிரேவர்தான் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். ஈஜிபுராவில் மெயின் ரோடு தூணுக்காகத் தோண்டிக் கிடந்ததால் எல்லா வண்டியும் சந்துக்குள் புகுந்து நின்றது. ஆட்டோ நகரவே இல்லை. டிரேவர் இறங்கி, மழையில் நனைந்துகொண்டு, ஒவ்வொரு வண்டியாகக் கைகூப்பி வழி கேட்டார். அன்று அவர் வாயில் வாடை இருந்ததா என்று பாஞ்சாலி கவனிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கேட்ட ஒவ்வொருவரும் முதலில் குடியைத்தான் கேட்டார்கள். விடிந்த பிறகு வந்த டாக்டர் சீனிவாசராகவன் மட்டும் அதைக் கேட்கவில்லை. வயதானவர், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாகேஷ், சின்ன வயசுல எப்பவாவது ரத்தமா வாந்தி எடுத்திருக்கீங்களா?"

காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, நாகேஷுக்கு நினைவு தெளிந்திருந்தது. அவன் கண் ஒருமுறை பாஞ்சாலியின் பக்கம் போய் வந்தது. "இல்ல சார்."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்ல சார்."

சுவரோரம் நின்ற வீணா கீழே பார்த்தாள்.

"சரி. பித்தக் குழாய்ல அடைப்பு. அதுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு. அதான் குளிர், காய்ச்சல், மஞ்சள் எல்லாம். இப்ப மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா டியூப் விட்டு அடைப்ப எடுத்துவிடணும். அங்கே சுத்தி ரத்தக் குழாயா இருக்கு, பாத்துத்தான் பண்ணணும். அதனால கேக்கறேன். நாட்டு மருந்து, லேகியம், பொடி, ஏதாவது சாப்பிட்டேளா?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றான் நாகேஷ்.

டாக்டர் பாஞ்சாலியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம்கூட இல்லை. எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்கிறார். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டால் போதும். டாக்டர் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"நான் குடுத்தேன் சார்."

"என்னம்மா?"

"பொடி. அத்திபெலேல வாங்கனது. குடிய மறக்க. கஞ்சில கலந்து."

அந்த வார்டில் எத்தனையோ சத்தம் இருந்திருக்கும். பாஞ்சாலிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கஞ்சிலயா?" என்றான் நாகேஷ்.

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"பௌர்ணமிக்கு அப்பறமா."

அவன் மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தான். எண்ணெய் தடவிவிட்டதும் அதற்குள்தான் வருகிறது என்று கணக்குப் பார்க்கிறானோ என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம் டாக்டரிடம் சொன்னான்: "ஏழு வயசுல ரத்தம் கக்கினேன் சார். பத்து வயசுல ஒரு வாட்டி. நெறைய வந்துச்சி. அப்பறம் நின்னு போச்சி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பொண்ணு குடுக்கமாட்டாங்கன்னு அம்மா சொல்லக்கூடாதுன்னுச்சி. அப்பறம் சொல்ற நேரமே வரல."

பாஞ்சாலி வீணாவைப் பார்த்தாள். வீணா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "கேளுங்கம்மா. இவர் லிவர் நன்னாவே இருக்கு. குடியால வந்தது இல்ல இது. குடல்லேர்ந்து லிவருக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் ஒண்ணு உண்டு. அது இவருக்குக் கைக்குழந்தையா இருக்கறச்சயே அடைஞ்சு போயிருக்கு. தொப்புள்ல சீழ் பிடிச்சா அப்படி ஆகலாம். காரணமே தெரியாமலும் ஆகும். ரத்தம் நிக்குமா? சின்னச் சின்னக் குழாயா சுத்தி வழி பண்ணிண்டு போறது. வருஷக்கணக்கா அழுத்தம் ஏறி அதெல்லாம் கொடி மாதிரி வீங்கி, பக்கத்துல இருக்கற பித்தக் குழாய நெருக்கிடுத்து."

"எங்க ஏரியா மாதிரி," என்றாள் பாஞ்சாலி, தன்னையறியாமல். "மெயின் ரோடு அடைச்சிட்டு எல்லா வண்டியும் சந்துல வர்ற மாதிரி."

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "எந்த ஏரியா, ஈஜிபுராவா? அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்."

"நான் குடுத்த பொடியாலதான் இப்டி ஆச்சா சார்?"

"சீழ் அதனால வரல. அது எப்படியும் வந்திருக்கும். ஆனா அந்தப் பொடில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அது ஒண்ணும் பண்ணலன்னு நான் எழுதித் தரமாட்டேன்." எழுந்துகொண்டார். "நேத்து மத்தியானமே கொண்டு வந்திருக்கணும்."

அது அவளுக்குக் கடைசிவரை ஆறாமல் நின்ற வாக்கியம்.

டியூப் வைத்த பிறகு கரும்பச்சையாகப் பித்தமும் சீழும் இறங்கியது என்று நர்ஸ் சொன்னாள். மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. கண் வெளுக்கத் தொடங்கியது. கிருஷ்ணப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேம்பா. எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். அடுத்த பௌர்ணமிக்கு நீதான் சொல்லணும்."

"நரேஷே சொல்லட்டும்ணா."

"கோவமா?"

"கோவம் இல்ல. அஞ்சாவத நான் தாண்டல. ஆனா நாலாவது?" நாகேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "மாசா மாசம் இவ முன்னால நின்னுகினு பொய் சொல்லமாட்டேன்னு சொன்னேன்."

கிருஷ்ணப்பா போன பிறகு பாஞ்சாலி ஒரு பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளையை அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அப்புறம் கிண்ணத்தில் வைத்துவிட்டு, தானே இன்னொரு பழத்தை எடுத்து உரித்துக்கொண்டான். அவள் கிண்ணத்தில் இருந்த சுளையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த டியூப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. கண் வெளுத்துவிட்டதே என்று விட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பாஞ்சாலி ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. பிறகு மண்ணீரல் ரத்தக் குழாயைச் சிறுநீரகக் குழாயோடு இணைத்துவிடும் பெரிய ஆபரேஷன் நடந்தது. அழுத்தம் இறங்கியது. நெருக்கிய குழாய்கள் மெல்லச் சுருங்கி, பித்தக் குழாய் பெருமளவு திறந்துகொண்டது; டியூப்பை எடுத்துவிட்டார்கள். திரும்ப அடைத்தால் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். இதுவரை தேவைப்படவில்லை.

டாக்டர் சீனிவாசராகவன் ஓய்வு பெற்றுவிட்டார். அத்திபெலே மாடியறையில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது; பொடிக் காகிதம் வேறொரு நம்பரோடு பஸ்களில் இன்னும் ஒட்டியிருக்கிறது. டிரேவர் பழையபடி வடிகட்டிக் குடிக்கிறார். அவர் கண் பால்போல வெளுத்திருக்கிறது. வீணாவும் பாஞ்சாலியும் ஒரு வருஷம் பேசாமலிருந்து, பிறகு எதனாலோ பேசத் தொடங்கினார்கள். விஹாரத்தில் நரேஷ் இப்போது தடுமாறாமல் சொல்கிறான். சங்கமித்ரா ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். வாரம் ஒருமுறை வருகிறாள். நாகேஷ் பாட்டில் பிரிக்கும் வேலையை விட்டுவிட்டு, அதே குஜிரியில் காகிதம் எடை போடுகிறான். வீட்டில் ஒரே பாத்திரத்திலிருந்துதான் இருவரும் போட்டுக்கொள்கிறார்கள். பாஞ்சாலி ஒரு வாய் வைத்த பிறகு அவன் சாப்பிடத் தொடங்குகிறான். அவள் எப்போதும் முதல் வாயைச் சீக்கிரமாகவே வைத்துவிடுகிறாள்.